பின்சீட்டு தாங்காது

கமாண்டர் எந்தப் படையிலும் இருந்தவர் அல்ல. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்குக் ‘கிடைக்காது’ என்கிற ஒரு சொல்லை மூன்று பத்தியாக நீட்டி எழுதி அனுப்பும் பிரிவின் துணை மேலாளர். ஆனால் அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளையும், உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த ஒரு ஜாக்கெட்டையும் வாங்கிய பிறகு அவரை யாரும் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் அவர் திரும்புவதில்லை. அத்தனை பாக்கெட்டிலும் ஒன்றே ஒன்றில்தான் பொருள் இருந்தது. அது ஒரு சீப்பு.

வண்டி நெடுந்தூரம் போவதற்கென்றே செய்தது. முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, இரு பக்கமும் அலுமினியப் பெட்டிகள், நடுவில் இரண்டு பேர் சௌகரியமாக உட்காரும் அகலமான சீட். பின்சீட்டில் அதுவரை பயணம் செய்தது ஒரு கேமரா ஸ்டாண்டு மட்டுமே. மலை விளிம்பில் கமாண்டர் தன்னந்தனியாக நின்று தொடுவானத்தை முறைத்துப் பார்க்கும் படங்களை எடுப்பது அந்த ஸ்டாண்டின் வேலை. ‘பாதை நீளும், துணை தேவையில்லை’ என்கிற மாதிரி ஏதாவது ஒரு வாசகத்தைப் படத்துக்குக் கீழே போடுவார். துணை தேவையில்லாத அந்த மனிதருக்கு வீட்டில் ஒரு மனைவி இருப்பதோ, மதியச் சாப்பாட்டைக் கட்டி இடது பக்கப் பெட்டியில் வைத்தது அவர்தான் என்பதோ படத்தில் விழாது.

கமாண்டர் தலைவராக இருந்த பைக் சங்கத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள், தொப்பைக்காரர்கள். ஒருவரையொருவர் ‘ரைடர்’ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். விடுமுறை நாள் காலையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்துமிடத்தில் கூடுவார்கள். கூடி எங்கேயாவது கிளம்புவார்கள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். கூடிக் கழுவுவார்கள். காரில் ஒட்டிய சேற்றைப் பெயர்த்தெடுக்கிற அசுர வேகத் தண்ணீர்க் குழாய் ஒன்றைச் சங்கமே வாங்கி வைத்திருந்தது. அதைக் கையில் பிடித்ததும் கமாண்டரின் முகத்தில் ஒரு போர்க்களை வரும். வண்டியின் மூக்கு முதல் வால் வரை, மடிப்பு, இடுக்கு, மூட்டு ஒன்று விடாமல் பீய்ச்சி அடிப்பார். பிறகு துடைப்பார். பிறகு படம் எடுப்பார்.

சங்கத்தில் ஆளுக்கொரு துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். ஒருவருக்கு எஞ்சின் எண்ணெய், ஒருவருக்கு டயர், ஒருவருக்கு சங்கிலி. கமாண்டர் வந்து பார்த்தபோது மிச்சம் இருந்தது பின்பக்க சஸ்பென்ஷன்தான். அதைப் பற்றி அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதைவிடப் பெரிய வசதி ஒரு நிபுணருக்கு வேறென்ன வேண்டும்?

விஷயம் என்னவோ சின்னதுதான். பின்சக்கரத்துக்கு மேலே தடித்த ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. வண்டியில் பாரம் ஏறும் என்றால் அதை முன்கூட்டியே கொஞ்சம் இறுக்கி வைக்க வேண்டும். பாரம் இல்லையென்றால் தளர்த்த வேண்டும். ‘பிரீலோட்’ என்பது இவ்வளவுதான். இறுக்காமல் இரண்டு பேர் போனால் வண்டி பின்னால் குந்திக்கொண்டு போகும். தளர்த்தாமல் ஒருவர் போனால் ரோட்டிலுள்ள பள்ளமெல்லாம் முதுகில் ஏறி உட்காரும். இதற்காக சீட்டுக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகினால் ஒரு சின்னக் குழாய் வழியாக எண்ணெய் நகர்ந்து ஸ்பிரிங்கை அமுக்கும். அவ்வப்போது குமிழைத் துடைத்து, கடைசிவரை தளர்த்தி, கடைசிவரை இறுக்கி, துளி கிரீஸ் தடவிவிட்டால் போதும். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள்கூட இதைவிட அதிக உபசாரம் கேட்கும்.

இந்தத் தம்மாத்துண்டு சமாசாரத்தைக் கமாண்டர் முக்கால் மணி நேரம் பேசுவார்.

“ஸ்பிரிங்னா ஏதோ கம்பின்னு நினைச்சிட்டிருக்கோம். இல்ல ரைடர்ஸ். அது பேசும். நான் கேப்பேன்.”

“நமக்குக் கேக்கலையே கமாண்டர்” என்றார் ஒருமுறை டயர் நிபுணர்.

“அதுக்குக் காது பத்தாது. முதுகெலும்பு வேணும். அரைத் திருகு மாறினாக்கூட என் முதுகெலும்பு சொல்லிடும்.”

அந்த முதுகெலும்புக்குத்தான் அவர் சட்டைக்குள்ளே பெல்ட் கட்டியிருந்தார். எலும்பு மருத்துவர் வண்டியைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கச் சொன்னதை, ‘நெடும்பாதை வீரர்களுக்கு வரும் வலி’ என்று சங்கத்தில் மொழிபெயர்த்துச் சொன்னார்.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் ஒரு சடங்கு நடக்கும். கமாண்டர் ஒற்றை முழங்காலில் அமர்ந்து, கண்ணை மூடி, குமிழைத் திருகுவார். தொழிற்சாலை கொடுத்த கறுப்புக் குமிழ் பார்க்க அற்பமாக இருக்கிறது என்று, அதன் மேல் பளபளக்கும் சிவப்பு அலுமினியத் தொப்பி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். ஒரு குட்டி ஸ்க்ரூ அதைப் பிடித்திருந்தது.

“வெண்ணெய் மாதிரி சுத்துது பாருங்க. பராமரிப்புன்னா இது. அரைத் திருகு கூட்டிட்டேன். இப்ப இது வேற வண்டி.”

“ஆமா கமாண்டர். பார்க்கவே வேற மாதிரிதான் இருக்கு” என்பார் செயலாளர். கமாண்டர் தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ரகம் அவர்.

கமாண்டரின் மனைவி அரசாங்கத்தில் எடை அளவு ஆய்வாளர். கடைத்தெருவில் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது வேலை. வியாபாரிகள் வைத்த பெயர் தராசம்மா. அவருடைய ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே, தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தங்கள் அவசரமாகப் பாக்கெட்டுக்குள் போகும். சத்தியம் செய்கிற வியாபாரி, கண்ணீர் விடுகிற வியாபாரி, முந்தின ஆய்வாளரைப் புகழ்கிற வியாபாரி என்று எல்லோரையும் பார்த்தவர். யார் என்ன சொன்னாலும் அவர் பார்ப்பது முள் எங்கே நிற்கிறது என்பதை மட்டும்தான். இப்படிப்பட்டவர் கமாண்டரோடு எப்படி இத்தனை காலம் குடும்பம் நடத்தினார் என்று கேட்கலாம். வீட்டில் அவர் தராசை வெளியே எடுத்ததில்லை. அவ்வளவுதான்.

இந்த வருஷம் சங்கத்தின் குடும்பப் பயணம் கலங்கரை விளக்கத்துக்கு என்று முடிவானது. வழியில் கழிமுகத்துக்கு மேலே ஒரு நீளப் பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே ரோடு. அந்தப் பாலத்தைத் தராசம்மா அலுவலக ஜீப்பின் பின்னால், எடைக்கல் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து கடந்திருக்கிறார், தண்ணீரைப் பார்த்ததில்லை. திறந்த சீட்டில், முகத்தில் காற்று அடிக்க ஒருமுறை அதைக் கடக்க வேண்டும் என்பது அவருக்கு நாள்பட்ட ஆசை. விடுப்பு எழுதிக் கொடுத்தார். தன் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட் ஒன்றும் வாங்கி வந்தார்.

கமாண்டர் மேஜை மேல் அதைப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“தலைக்கு.”

“தெரியுது. எங்க போறதுக்குன்னு கேட்டேன்.”

“உங்களோட கலங்கரை விளக்கத்துக்கு. எல்லாரும் குடும்பத்தோட வரணும்னு நீங்கதானே உத்தரவு போட்டிருக்கீங்க.”

கமாண்டரின் மனக்கண்ணில் அவருடைய படங்கள் எல்லாம் வரிசையாக வந்து போயின. எல்லாவற்றிலும் பின்சீட்டில் கைப்பையோடு ஒரு மனைவி. தொடுவானத்தை முறைத்துக்கொண்டிருந்த வீரர் ஒரே நொடியில் காய்கறி வாங்கக் கிளம்பியவர் ஆகிவிட்டார்.

“எனக்கும் ஆசைதான்மா. டெக்னிக்கலா ஒரு சிக்கல் இருக்கு. வண்டிய ஒத்த ஆளுக்குன்னு துல்லியமா செட் பண்ணி வெச்சிருக்கேன். பின்சீட்டு தாங்காது.”

“என்னையத் தாங்காதா?”

“உன்னையன்னு இல்ல. பொதுவா.”

“பொதுவா அங்க நான்தானே உக்காரணும்? வேற யாராவது இருக்காங்களா?”

கமாண்டர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டே குளியலறைக்குப் போய்விட்டார்.

அத்தோடு விட்டிருந்தால் தராசம்மாவும் விட்டிருப்பார். ஆனால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர், ‘அண்ணி வர்றாங்களா கமாண்டர்?’ என்று கேட்டார். கமாண்டர், ‘பின்சீட்டு தாங்காது ரைடர்ஸ்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு யானைப் படத்தையும் போட்டார். கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. செயலாளரின் மனைவி மாடிப்படியில் தராசம்மாவை நிறுத்தி, “உங்க காதுக்கு வந்துச்சோ இல்லையோன்னு எனக்கு மனசே கேக்கல” என்று, மனசு கேட்ட குரலில், போனை நீட்டினார்.

தராசம்மா யானையைப் பார்த்தார். மஞ்சள் முகங்களைக் கீழேவரை தள்ளிப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“யானை எவ்ளோ எடை இருக்கும்னு இவங்க யாருக்கும் தெரியாது” என்று மட்டும் சொன்னார்.

அவர் எடை அறுபத்தெட்டு கிலோ. அரசாங்க முத்திரை வைத்த தராசில் பார்த்தது.

பயணத்துக்கு முந்தின நாள் கீழ்த்தளத்தில் ‘ஆயத்த முகாம்’ என்று ஒன்று நடந்தது. கழுவிய வண்டிகள் வரிசையாக நின்றன. கமாண்டர் கையில் மைக். பத்தடி தூரத்தில் நிற்பவர்களிடம் பேச எதற்கு மைக் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார், மாட்டு டாக்டர். அரசாங்கக் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிற பெண்மணி; சங்கத்துக்குப் புதுசு. கமாண்டரின் அதே மாதிரி வண்டிதான் அவருடையதும், ஆனால் சேறும் வைக்கோலுமாக இருக்கும். பார்த்து ரைடர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அவர் அன்று மைக்கைப் பற்றிக் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஆள் ஏறி உக்காந்தா, பின்பக்கம் மொத்தமா எவ்ளோ இறங்க முடியுமோ அதுல மூணுல ஒரு பங்கு இறங்கணும்” என்றார் கமாண்டர். “கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதுதான் சூத்திரம். இதை யாரும் அளந்து பார்க்க மாட்டாங்க. நான் அளக்க வேண்டியதே இல்ல. உணருவேன்.”

அப்போது ஜீப் ஒன்று சரிவில் இறங்கி வந்து நின்றது. தராசம்மா இறங்கினார். பின்கதவைத் திறந்து, கைப்பிடி வைத்த இரும்பு எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினார். இருபது கிலோ மூன்று. பிறகு ஐந்து, இரண்டு, ஒன்று.

“என்ன அண்ணி, இங்க கடை கிடை ஏதும் இல்லையே?” என்று சிரித்தார் செயலாளர்.

“ஒரு புகார் விசாரணை.”

“யார் குடுத்த புகார்?”

“நான்தான்.”

கமாண்டர் மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டதால், “வீட்ல பேசிக்கலாம்” என்று அவர் மனைவியிடம் ரகசியமாகச் சொன்னது கீழ்த்தளம் முழுக்க எதிரொலித்தது.

“வீட்ல எதுக்கு? யானைய இவங்க முன்னாடிதானே நிறுத்தினீங்க” என்றார் தராசம்மா. “வண்டிய நடு ஸ்டாண்டுல போடுங்க. பின்சக்கரம் தொங்கட்டும்.”

இரும்பு டேப்பை இழுத்து, சக்கரத்தின் அச்சிலிருந்து சீட்டின் விளிம்பு வரை அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க யாரும் வரவில்லை. டாக்டர் தேநீர்க் குவளையைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து பிடித்தார்.

“இப்ப ஸ்டாண்டை எடுத்துட்டு ஏறி உக்காருங்க.”

கமாண்டர் ஏறி, எங்கோ கேமரா இருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தார். தராசம்மா மறுபடி அளந்தார்.

“ஒரு விரக்கட கூட இறங்கல. மூணுல ஒரு பங்குன்னு இப்பத்தான சொன்னீங்க?”

“இது ஸ்போர்ட் செட்டிங். கொஞ்சம் கெட்டியா வெச்சிருக்கேன்.”

“சரி. கடைசி வரைக்கும் தளர்த்துங்க.”

கமாண்டர் இறங்கி, முழங்காலிட்டு, பழக்கதோஷத்தில் கண்ணை மூடி, சிவப்புத் தொப்பியைத் திருகினார். அது வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஏறி உட்கார்ந்தார். டேப் பழைய இடத்தையே காட்டியது.

“இப்ப கடைசி வரைக்கும் இறுக்குங்க.”

மறுபடி முழங்கால், மறுபடி வெண்ணெய். டேப் அசையவில்லை.

“மாறவே இல்லையே” என்றார் டாக்டர்.

“டேப்ல தெரியாது டாக்டர். எனக்கு உள்ள தெரியுது.”

“எவ்ளோ தெரியுது?” என்று கேட்டார் தராசம்மா.

“அரை இன்ச். தாராளமா.”

“டேப்புக்குத் தெரியாம அரை இன்ச்.” தராசம்மா தலையாட்டினார். “மீன் கடைல தினம் கேக்குறதுதான். முள்ளுல தெரியாதும்மா, கைல தூக்கிப் பாருங்க, ஒரு கிலோவுக்கு மேலயே இருக்கும்பாங்க.”

டாக்டர் குனிந்தார். கன்றுக்குட்டியின் வாயைத் திறந்து பார்க்கிறவர் போல, எந்த மரியாதையும் இல்லாமல் சிவப்புத் தொப்பியைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. குட்டி ஸ்க்ரூ எந்தக் காலத்திலோ கழன்று எங்கேயோ விழுந்திருந்தது.

தொப்பிக்குள் இருந்த அசல் குமிழைப் பார்த்து இரண்டு ரைடர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கறுப்பு நிறம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. வெள்ளையாகப் பூத்து, பொருக்கு தட்டி, இடுக்கெல்லாம் மண் இறுகி, பல் துலக்காத வாய் போல இருந்தது. டாக்டர் திருகிப் பார்த்தார். கைக்குட்டையைச் சுற்றித் திருகிப் பார்த்தார். இம்மியும் நகரவில்லை.

“பூட்டிக்கிச்சு” என்றார். “வாராவாரம் அந்தக் குழாயால அடிச்சு அடிச்சு தண்ணிய உள்ள ஏத்தியிருக்கீங்க. ஒரு தடவைகூட திருகவும் இல்ல, கிரீஸ் காட்டவும் இல்ல. தொப்பி மட்டும் சும்மா சுத்திட்டிருந்திருக்கு.”

“எவ்ளோ காலமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“உப்பு பூத்திருக்கிறதைப் பார்த்தா, வண்டி வாங்கினதுல இருந்தே இருக்கும்.”

வாங்கிய அன்று கமாண்டர் குமிழை எட்டிய வரை இறுக்கியது உண்மைதான். கெட்டியாக இருப்பது ஆண்களுக்கு அழகு என்று விற்பனையாளர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவர் திருகியதெல்லாம் தொப்பியை.

டாக்டர் கட்டைவிரலால் மண்ணைச் சுரண்டினார். குமிழுக்குப் பக்கத்தில், சின்னக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி, வரிசையாக நாலு படங்கள் தெரிந்தன. ஒரு ஹெல்மெட். ஒரு ஹெல்மெட்டும் ஒரு பெட்டியும். இரண்டு ஹெல்மெட். இரண்டு ஹெல்மெட்டும் ஒரு பெட்டியும். குறிமுள் கடைசிப் படத்துக்கு எதிரே செத்துப்போய்க் கிடந்தது.

தராசம்மா இருபது கிலோ கற்களைத் தூக்கிப் பின்சீட்டில் அடுக்கினார். ஐந்து, இரண்டு, ஒன்று. பட்டையால் இழுத்துக் கட்டினார்.

“இது நான். நீங்க ஏறுங்க.”

கமாண்டர் ஏறினார். வண்டி மெத்தென்று, நல்ல வளர்ப்பு மாடு போல, இறங்கி நின்றது. தராசம்மா அளந்தார். டாக்டர் குனிந்து டேப்பைப் படித்தார்; அவருடையதும் அதே வண்டி என்பதால் மொத்த இறக்கம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம்.

“மூணுல ஒரு பங்கு. கச்சிதம்.”

  அங்கிருந்த எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அந்த வண்டி இத்தனை காலமும் இரண்டு பேருக்கென்று வரிந்து கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. இவர் ஒற்றை ஆளாக ஏறி, முதுகில் உதை வாங்கி, அதைத் தத்துவமாக்கி இவர்களுக்கே வகுப்பு எடுத்திருக்கிறார்.

இந்த மாதிரி நேரங்களுக்காகத்தான் உலகத்தில் செயலாளர்கள் இருக்கிறார்கள்.

“பார்த்தீங்களா ரைடர்ஸ்!” என்று கூவினார் அவர். “அண்ணிக்குன்னே கமாண்டர் முதல் நாள்ல இருந்து ரெண்டு ஹெல்மெட்ல பூட்டி வெச்சிருக்காரு! வாய விட்டுச் சொன்னாரா? அதான் கமாண்டர்!”

ஒருவர் கை தட்டினார். அடுத்தவர் தட்டினார். தட்டாமல் நின்றால் தாங்களும் கழுவித்தானே கெடுத்தோம் என்கிற யோசனை வந்துவிடும் என்பதால் எல்லோரும் தட்டினார்கள். கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்த கமாண்டர் அந்தக் கைதட்டலில் மெதுவாக உயிர்த்தெழுந்தார். ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். மைக்கை எடுத்தார்.

“ஒரு புருஷன் எல்லாத்தையும் வெளிய சொல்லிட்டிருக்க மாட்டான்” என்றார்.

தராசம்மா எடைக்கற்களை ஜீப்பில் ஏற்றினார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. எல்லோரும் கை தட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கமாண்டர் பெருந்தன்மையோடு ஆரம்பித்தார்.

“சரி, நாளைக்கு நீ வர்ற. முடிவு பண்ணிட்டேன்.”

“வர்றேன். ஒரு வரி எழுதிப் போட்டுடுங்க.”

“என்ன வரி?”

“குமிழ் பூட்டிக்கிச்சு, நான் கவனிக்கல, பின்சீட்டு நல்லா தாங்கும். அவ்ளோதான். யானை போட்ட அதே குரூப்ல.”

“அதான் எல்லாரும் புரிஞ்சிக்கிட்டாங்களே!”

“என்ன புரிஞ்சிக்கிட்டாங்க? நீங்க மகான்னு புரிஞ்சிக்கிட்டாங்க. நான் இன்னும் யானையாத்தான் நிக்கிறேன்.”

கமாண்டர் சோபாவில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். எழுத்து அவருக்குக் கைவந்த தொழில். எழுதி முடித்ததை நீட்டினார். மூன்று பத்திகள் இருந்தன. தட்பவெப்ப நிலையின் தவிர்க்க இயலாத தாக்கம் பற்றி ஒன்று. உதிரிபாகங்களின் தரத்தில் தயாரிப்பாளர்கள் காட்ட வேண்டிய அக்கறை பற்றி ஒன்று. சங்க உறுப்பினர்களின் ஒத்துழைப்புக்கு நன்றி ஒன்று.

தராசம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

“இதுல நீங்க எங்க இருக்கீங்க?”

“மறைமுகமா வர்றேன்.”

“நான் எங்க?”

“உறுப்பினர்கள்னு சொன்னதுல குடும்பத்தினரும் அடக்கம்.”

“உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி லெட்டரை வாங்கிட்டுப் போயி அழுத ஜனங்க எத்தனை பேரோ” என்றார் தராசம்மா. “நீங்க ஒண்ணும் எழுத வேணாம். நான் உங்களோட வரல.”

“இங்க பாரு, தலைமைன்னு ஒண்ணு இருக்கு. நான் போயி தெரியாம பூட்டிக்கிச்சுன்னு சொன்னா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்?”

“இன்னிக்கு எவன் கேக்கறான்? கை தட்டறான். அவ்ளோதான்.”

கமாண்டருக்கு இப்போது உண்மையான டெக்னிக்கல் சிக்கல் வந்துவிட்டது. பூட்டிய குமிழைப் பிரித்து, ஊறவைத்து, சுத்தம் செய்து மாட்ட ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு மூன்று நாளாவது வேண்டும். ஒற்றை ஆளாகக் கிளம்பினால், வண்டி அவரைத் தூக்கித் தூக்கிப் போடுவதை இம்முறை எல்லோரும் பின்னாலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அறுபத்தெட்டு கிலோ இல்லாமல் அந்த வண்டி அவரைச் சும்மா விடாது. அந்த அறுபத்தெட்டு கிலோவோ ஒரே ஒரு வரி கேட்கிறது.

ஒரு வரி எழுதுவதைவிட எளிதான வழி எதையும் தேடக்கூடிய மனிதர் அவர்.

விடிந்ததும் ரைடர்கள் கீழ்த்தளத்தில் மனைவி மக்களோடு கூடினார்கள். கமாண்டரின் வண்டியின் பின்சீட்டில் இரண்டு சாக்குகள் இருந்தன. பக்கத்துக் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை அள்ளி, வீட்டுக் குளியலறையிலிருந்த எடை பார்க்கும் பலகையில் நிறுத்து, மூட்டை கட்டி, மழைக்கோட்டைப் போர்த்தி, பட்டையால் இறுக்கியிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால், குளிருக்குப் போர்த்திக்கொண்டு யாரோ குந்தியிருப்பது போலத்தான் இருந்தது.

“இது என்ன கமாண்டர்?” என்றார் டயர் நிபுணர்.

“மணல். நெடும்பாதையில எப்ப எது தேவைப்படும்னு சொல்ல முடியாது.”

“ஆமாமா, எண்ணெய் சிந்தின இடத்துல தூவலாம்” என்றார் செயலாளர். “நாமளும் ஆளுக்கு ஒரு மூட்டை எடுத்துக்கலாமா கமாண்டர்?”

செயலாளரின் மனைவி தான் உட்கார்ந்திருந்த சீட்டை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

தராசம்மா ஹெல்மெட்டோடு படியிறங்கி வந்தார். கமாண்டரின் வண்டியைத் தாண்டினார். மூட்டையை ஒரு கணம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேராக மாட்டு டாக்டரின் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“டாக்டர், பின்சீட்டு காலியா?”

“காலிதான். எவ்ளோ கிலோ?”

அந்தக் கேள்வியை அத்தனை பேருக்கு நடுவில், மாட்டைப் பற்றிக் கேட்பது போல அவர் கேட்டதில் இரண்டு பெண்கள் திடுக்கிட்டார்கள்.

“அறுபத்தெட்டு. பை ஒரு மூணு கிலோ இருக்கும்.”

“நேத்து ஒரு கன்னுக்குட்டிய இதே சீட்ல வெச்சுக் கொண்டாந்தேன். அது உங்களவிடக் கம்மிதான், ஆனா ரொம்ப உதைச்சுது. நீங்க உதைக்க மாட்டீங்களே?”

“இதுவரைக்கும் இல்ல.”

டாக்டர் குனிந்து, சேறு படிந்த கறுப்புக் குமிழைக் கை துடைக்கிற துணியால் ஒரு துடைப்புத் துடைத்துத் திருகினார். கண்ணை மூடவில்லை. குறிமுள் ஒரு ஹெல்மெட்டை விட்டு நகர்ந்து, இரண்டு ஹெல்மெட்டும் பெட்டியுமாக நின்றது. வண்டியின் பின்பக்கம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கொஞ்சம் உயர்ந்தது.

“ஏறுங்க.”

தராசம்மா ஏறினார். உயர்ந்தது இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

கமாண்டர் வரிசையின் தலையிலிருந்து திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது நினைவுக்கு வரவே, கையை உயர்த்தி, “ரைடர்ஸ், புறப்படலாம்!” என்றார்.

முதல் பாதி வழி அவருக்கு அமோகமாக இருந்தது. மணல் கனத்தில் வண்டி மெத்தையாகப் போனது. வாழ்நாளில் முதல்முறையாக முதுகு வலிக்கவில்லை. தேநீருக்கு நிறுத்திய இடத்தில், “நேத்து ராத்திரி சின்னதா ஒரு செட்டிங் பண்ணினேன்” என்றுகூட இரண்டு பேரிடம் சொன்னார்.

சாக்கு ஒன்றின் மூலையில் தையல் விட்டிருந்தது. பாலம் நெருங்கும்போது பட்டை உரசி உரசி அது விரல் நுழைகிற ஓட்டையாகிவிட்டது. மணல் மெல்லிய கோடாக ரோட்டில் இறங்கியது. பின்னால் வந்தவர்கள் கண்ணைக் கசக்கினார்கள், ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினார்கள், துப்பினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கமாண்டர் மணல் கொட்டுகிறார் என்றால் ஏதாவது காரணம் இருக்கும். செயலாளர் அந்தக் கோட்டின் மேலேயே பக்தியோடு ஓட்டி வந்தார்.

பாலத்தில் ஏறியபோது கமாண்டர் லேசாகத் துள்ள ஆரம்பித்திருந்தார். பாலத்தின் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு துள்ளல். சாக்கு இளைக்க இளைக்கத் துள்ளல் வளர்ந்தது.

டாக்டரின் வண்டி வரிசையில் இரண்டாவதாக, அவருக்கு நேர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் தலையைத் திருப்பிக் கத்தினார்.

“மூட்டை கொட்டுது! எவ்ளோ போயிருக்கும்?”

தராசம்மா எட்டிப் பார்த்தார். “பாதிக்குப் பாதி போயிடுச்சு.”

“ஹார்ன் அடிச்சுச் சொல்லிடவா?”

கழிமுகத்துக் காற்று ஹெல்மெட்டின் ஓரத்தில் விசிலடித்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்க வேண்டும். முன்னால் எழும்பி எழும்பி விழுகிற ஒரு பாக்கெட் ஜாக்கெட்டும், பறக்கிற மணலும்தான் தெரிந்தன.

“அதெல்லாம் வேணாம்” என்று தராசம்மா டாக்டரின் காதுக்கருகே கத்தினார். “முதல்ல முந்துங்க. அந்தாளு தண்ணிய மறைக்கிறாரு.”

தலைவரை யாரும் முந்தக் கூடாது என்பது சங்கத்தின் விதி. டாக்டர் கியரை மாற்றினார்.